சக்கரம் பெரிதானால் பெட்ரோல் மிச்சமாகுமா?

காற்று இறங்கிய சைக்கிளை மிதித்திருக்கிறீர்களா? பள்ளிக்கு நேரமாகிவிட்டது, பம்ப்பைத் தேடிக்கொண்டிருக்க அவகாசம் இல்லை என்று அப்படியே ஏறி மிதிப்பீர்கள். நேற்று வரை லேசாக ஓடிய வண்டி இன்று யாரோ கேரியரைப் பிடித்துப் பின்னால் இழுப்பதுபோல் கனக்கும். சாலை அதே சாலைதான். சங்கிலிக்கு எண்ணெய் போட்டு இரண்டு நாள்கூட ஆகவில்லை. எதிர்க்காற்றும் இல்லை. ஆனாலும் பள்ளி வாசலை அடைவதற்குள் தொடை இரண்டும் கெஞ்சத் தொடங்கிவிடும்.

உங்கள் கால்கள் கண்டுபிடித்த இந்தச் சங்கதி கார் என்ஜினுக்கும் பொருந்தும். நீங்கள் இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டு ஈடுகட்டுகிறீர்கள். அது பெட்ரோலைக் கூடுதலாகக் குடித்து ஈடுகட்டுகிறது.

இப்போது ஒரு புதிர். உங்கள் மாமா ஒரு கார் வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது லிட்டருக்கு 20 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. "சக்கரத்தைப் பெரிதாக்குங்கள். ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போகும், மைலேஜ் கூடும்" என்று யாரோ சொன்னார்கள். மாமாவுக்கும் அது நியாயமாகப் பட்டது. நான்கு சக்கரங்களையும் மாற்றினார். டேங்கை நிரப்பிக்கொண்டு புறப்பட்டு, மீட்டர் 500 கிலோமீட்டர் காட்டியதும் மறுபடி நிரப்பினார். 26.5 லிட்டர் பிடித்தது. வகுத்துப் பார்த்தால் லிட்டருக்கு 19 கூடத் தேறவில்லை. மாமா கடைக்காரரைக் கோபிக்கிறார். கடைக்காரர் பெட்ரோலில் கலப்படம் என்கிறார். உண்மையில் நடந்தது என்ன? விடை கண்டுபிடிக்க நாம் முதலில் ரப்பரிடம் போக வேண்டும்.

ரப்பரின் தயக்கம்

ஒரு ரப்பர்ப் பந்தை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கீழே விடுங்கள். அது எழும்பும், ஆனால் விட்ட உயரத்துக்கு வராது. தரையில் மோதும்போது பந்து நசுங்குகிறது. நசுங்குவதற்கு வாங்கிக்கொண்ட ஆற்றலில் ஒரு பகுதியைத்தான் விரியும்போது திருப்பித் தருகிறது. மீதி வெப்பமாகி ரப்பருக்குள்ளேயே தங்கிவிடுகிறது. வாங்கியதை முழுமையாகத் திருப்பித் தரத் தயங்கும் இந்தக் குணத்துக்கு இயற்பியலில் 'தயக்கம்' என்றே பெயர்.

கார் டயரும் நசுங்கிக்கொண்டேதான் ஓடுகிறது. ஓரமாக நிற்கும் ஒரு காரின் டயரைக் குனிந்து பாருங்கள். தரையைத் தொடும் இடத்தில் அது வட்டமாக இருக்காது. உள்ளங்கை அளவுக்குத் தட்டையாகியிருக்கும். சக்கரம் சுழலும்போது டயரின் ஒவ்வொரு பகுதியும் அந்த இடத்துக்கு வந்து தட்டையாகி, கடந்து சென்றதும் மறுபடி வளைகிறது. 62 செ.மீ. விட்டமுள்ள சக்கரத்தின் சுற்றளவு 1.95 மீட்டர். கார் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் சென்றால் அது நொடிக்கு எட்டு ஒன்பது முறை சுழலும். ஒரு மணி நேரத்தில் 30,000 தடவைக்கு மேல் நசுங்கி எழுகிறது! ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ஆற்றல் வெப்பமாகப் போகிறது. நெடுந்தூரம் ஓடி வந்த பேருந்தின் டயர் சூடாக இருப்பதற்கு இது முக்கியக் காரணம்.

இந்த இழப்பைத்தான் உருளல் தடை என்கிறோம். நல்ல சாலையில் ஒரு கார் டயரின் உருளல் தடை, அது தாங்கும் எடையில் சுமார் நூறில் ஒரு பங்கு. ஆட்களோடு சேர்ந்து 1,200 கிலோகிராம் நிறையுள்ள காரை எடுத்துக்கொள்வோம். அதன் எடை ஏறத்தாழ 12,000 நியூட்டன். தடை 120 நியூட்டன். 100 கி.மீ. தூரம், அதாவது 1,00,000 மீட்டர் தூரம், இந்தத் தடையை எதிர்த்துச் செய்யும் வேலை 120 லட்சம் ஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் 320 லட்சம் ஜூல் ஆற்றல் இருந்தாலும் என்ஜின் அதில் கால் பங்கு, மிஞ்சிப்போனால் மூன்றில் ஒரு பங்கைத்தான் சக்கரத்துக்கு அனுப்புகிறது. ஆக, டயரை நசுக்குவதற்கு மட்டுமே நூறு கிலோமீட்டருக்கு ஒன்றேகால், ஒன்றரை லிட்டர் பெட்ரோல் செலவாகிறது. மாமாவின் கார் அந்தத் தூரத்துக்கு ஐந்து லிட்டர் குடிக்கிறது என்பதை நினைவில் கொண்டால் இது எவ்வளவு பெரிய பங்கு என்று விளங்கும்.

ரயிலின் எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தில் ஓடுகிறது. எஃகு அவ்வளவாக நசுங்குவதில்லை. எனவே அங்கே தடை கார் டயரில் உள்ளதைப்போல் பத்தில் ஒரு பங்குதான், சில சமயம் அதைவிடக் குறைவு. அப்படியானால் காருக்கும் இரும்புச் சக்கரம் மாட்டிவிடலாமே என்று கேட்பீர்கள். தண்டவாளம்போல் வழுவழுப்பான சாலை இருந்தால் யோசிக்கலாம். சாலையில் கல்லும் குழியும் உண்டு. கெட்டியான சக்கரம் ஒவ்வொரு கல்லின் மேலும் வண்டி முழுவதையும் தூக்கிப் போட வேண்டியிருக்கும். டயரோ கல்லைத் தன் உடம்புக்குள் வாங்கிக்கொண்டு கடந்துவிடும். ஜான் பாய்ட் டன்லப் 1888-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் தம் சிறு மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்குக் காற்றடைத்த டயரைச் செய்து மாட்டியது இதற்காகத்தான். பிரேக் பிடித்தால் நிற்பதற்கும் ரப்பர் வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

எந்த விட்டம் பெரியது?

மாட்டு வண்டிச் சக்கரம் உங்கள் தோள் உயரத்துக்கு ஏன் இருக்கிறது தெரியுமா? சிறிய சக்கரம் குழியில் இறங்கிவிடும். பெரிய சக்கரம் குழியின் இரு கரைகளிலும் பட்டு மேலாகக் கடந்துவிடும். ஒரே உயரமுள்ள கல்லில் ஏறும்போது பெரிய சக்கரத்துக்குச் சரிவு குறைவு. காற்று டயருக்கும் இதில் ஓர் ஆதாயம் உண்டு. விட்டம் கூடக் கூட, தட்டையாவதற்கு டயர் குறைவாக வளைந்தால் போதும். ஒரு கிலோமீட்டருக்கு வளையும் தடவைகளும் குறையும். ஆகையால் மற்றவை எல்லாம் மாறாமல் விட்டம் மட்டும் கூடினால் உருளல் தடை குறையும் என்பது உண்மைதான். மாமாவுக்குச் சொன்னவர் முழுப் பொய் சொல்லிவிடவில்லை.

ஆனால் 'மற்றவை எல்லாம் மாறாமல்' என்பதில்தான் சிக்கல். கார் டயரின் பக்கவாட்டில் 165/80 ஆர் 14 என்பதுபோல் அச்சிட்டிருக்கும். 165 என்பது அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது, டயரின் பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 80 சதவீதம் என்பதைக் குறிக்கும். கடைசியில் வரும் 14 என்பது உள்ளே இருக்கும் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். இப்போது வெளி விட்டத்தை நீங்களே கணக்கிடலாம். ரிம் 355.6 மி.மீ.; மேலும் கீழும் பக்கச் சுவர் 132 மி.மீ.; மொத்தம் 619.6 மி.மீ. அடுத்து 185/65 ஆர் 15 என்ற டயரைக் கணக்கிடுங்கள். 381, 120.25, 120.25, மொத்தம் 621.5 மி.மீ. ரிம் ஓர் அங்குலம் பெரிதாயிற்று. சக்கரமோ இரண்டே மில்லிமீட்டர்தான் வளர்ந்தது! கூடியது ரிம்மின் உலோகமும் டயரின் அகலமும். மாட்டு வண்டிச் சக்கரத்தின் ஆதாயம் இங்கே கிடைக்கவே கிடைக்காது. "பதினான்கைவிடப் பதினைந்து பெரியது" என்று நம்பி ஏமாறுபவர்கள் இந்தச் சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்காதவர்கள்.

அமெரிக்காவின் டெஸ்லா நிறுவனம் 2022-இல் விற்ற மாடல் எஸ் பிளெயிட் என்ற மின்சாரக் கார் இதற்கு நல்ல சான்று. அதே கார், அதே மோட்டார், அதே மின்கலம். 19 அங்குல ரிம் மாட்டியபோது ஒரு முறை மின்னேற்றினால் 396 மைல் ஓடும் என்றும், 21 அங்குல ரிம் மாட்டியபோது 348 மைல்தான் ஓடும் என்றும் அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் பட்டியல் கூறியது. 48 மைல், அதாவது 77 கி.மீ. குறைவு! இரண்டு சக்கரங்களின் வெளி விட்டமும் ஏறக்குறைய ஒன்றுதான். பெரிய ரிம்மோடு வந்த டயர் சற்று அகலமானது. சாலையைக் கவ்விப் பிடிப்பதற்கென்று செய்த ரப்பர். பார்வைக்கு மிடுக்காகத்தான் இருந்தது.

உண்மையிலேயே சக்கரத்தைப் பெரிதாக்கி ஆதாயம் தேடியவர்களும் இருக்கிறார்கள். ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 2013-இல் கொண்டு வந்த ஐ3 என்ற சிறிய மின்சாரக் காரின் டயர் 155/70 ஆர் 19. வெளி விட்டம் 70 செ.மீ.; அகலம் வெறும் 15.5 செ.மீ. பார்த்தால் சைக்கிள் சக்கரத்தின் அண்ணன்போல் இருக்கும். நம் மாருதி 800 காரின் டயர் 145/70 ஆர் 12. அகலத்தில் இரண்டும் அநேகமாக ஒன்று, உயரத்தில்தான் 19 செ.மீ. வித்தியாசம். உயரமாக இருந்ததால் ஐ3-இன் டயர் குறைவாக வளைந்தது. ஒல்லியாக இருந்ததால் காற்றைக் கிழிக்கும் வேலையும் குறைந்தது. சரி, எல்லாக் கார்களும் இப்படியே செய்தால் என்ன? உயரமான சக்கரத்துக்கு இடம் விட வேண்டும். உள்ளே உட்காருபவரின் இடம் குறையும். 1959-இல் இங்கிலாந்தில் மினி காரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் இதற்கு நேர் எதிர் வழியில் சென்றார். பத்தே அடி நீளமுள்ள காரில் நான்கு பேரை உட்கார வைப்பதற்காக 10 அங்குல ரிம்மைத் தேர்ந்தெடுத்தார். அவருக்கு இடம் பெரிதாகப் பட்டது.

எடையும் காற்றும்

சுழலும் பொருளுக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. காரின் இருக்கையில் இருக்கும் ஒரு கிலோகிராம் முன்னோக்கி மட்டும் போகிறது. டயரின் விளிம்பில் இருக்கும் ஒரு கிலோகிராம் முன்னோக்கியும் போகிறது, அதே வேகத்தில் சுற்றவும் செய்கிறது. எனவே அதை வேகப்படுத்த இரண்டு மடங்கு ஆற்றல் வேண்டும். சிலர் இதைக் கேள்விப்பட்டுவிட்டு, சக்கரத்தில் கூடும் ஒரு கிலோ பத்துக் கிலோவுக்குச் சமம் என்று அடித்துப் பேசுவார்கள். அது வெறும் வாய்ப்பந்தல். விளிம்பின் நுனியில் இருந்தால்கூட இரண்டு கிலோவுக்கு மேல் போகாது. மாமாவின் புதுச் சக்கரங்கள் தலைக்கு மூன்று கிலோ கனம் என்றால், வேகமெடுக்கும்போதெல்லாம் அதிகபட்சம் 24 கிலோ சுமை கூடியதுபோல் இருக்கும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று எப்போதும் காரில் உட்கார்ந்திருப்பதற்குச் சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே சீராக ஓடும்போது இது அவ்வளவாகத் தெரியாது. ஐம்பது அடிக்கு ஒரு தடவை பிரேக் போடும் நகர வீதியில்தான், சேர்த்த ஆற்றலெல்லாம் பிரேக்கில் சூடாகி வீணாகும்.

நெடுஞ்சாலைக்குப் போனால் வேறு எதிரி வருகிறான்: காற்று. உருளல் தடை வேகத்தோடு அதிகம் மாறுவதில்லை. காற்றுத் தடையோ வேகம் இரண்டு மடங்கானால் நான்கு மடங்காகிவிடும். அதில் சுமார் கால் பங்குக்குச் சக்கரங்களும் அவை அமர்ந்திருக்கும் குழிகளுமே காரணம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கார் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போகும்போது சக்கரத்தின் அடிப்புள்ளி தரையில் அசையாமல் நிற்கிறது. நடுப்புள்ளி 80 கி.மீ. வேகத்தில் போகிறது, உச்சிப்புள்ளியோ 160 கி.மீ. வேகத்தில் முன்னே பாய்கிறது! பெரிய ஓட்டைகளும் மெல்லிய கம்பிகளும் கொண்ட ரிம் அந்த வேகத்தில் சுழன்றால் மின்விசிறிபோல் காற்றைக் கடைந்துகொண்டிருக்கும். அதனால்தான் மைலேஜுக்கென்றே செய்த கார்களில் ரிம் தட்டுப்போல் மூடியிருக்கும். 1999-இல் வந்த ஹோண்டா இன்சைட் காரில் பின்சக்கரங்களின் மேல்பாதியையே தகடு மறைத்திருந்தது. ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் 2013-இல் வெளியிட்ட எக்ஸ்.எல்.1 காரும் அப்படித்தான்; அதன் முன் டயரின் அகலம் 115 மி.மீ. மட்டுமே.

பிடியும் வேண்டும், மிச்சமும் வேண்டும்

உருளல் தடையைக் குறைக்க ரப்பரின் தயக்கத்தைக் குறைத்தால் போயிற்று அல்லவா? அங்கேதான் ஆபத்து. மழை பெய்த சாலையில் பிரேக் போட்டால் கார் நிற்பதும் அதே தயக்கத்தால்தான். சாலையின் நுண்ணிய மேடு பள்ளங்களில் ரப்பர் அமுங்கி, ஆற்றலை விழுங்குவதால்தான் பிடி கிடைக்கிறது. லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் மிச்சம் பிடிக்கப்போய், குறுக்கே ஓடிவரும் பிள்ளைமேல் மோதாமல் நிற்க முடியவில்லை என்றால் அந்த மிச்சம் யாருக்கு வேண்டும்? டயர்க்காரர்கள் பல ஆண்டுகள் இந்தச் சங்கடத்தில் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

முதல் வழியைப் பிரான்ஸின் மிச்செலின் நிறுவனம் கண்டது. பழைய டயர்களில் நூல் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக, கத்தரிக்கோல்போல் அமைந்திருக்கும். டயர் வளையும்போதெல்லாம் அடுக்குகள் ஒன்றையொன்று இழுத்துச் சூடேற்றும். மிச்செலின் 1946-இல் காப்புரிமை கேட்ட ரேடியல் டயரில் நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓடின. மேலே எஃகுக் கம்பிப் பட்டை ஒன்று இறுக்கிப் பிடித்தது. பக்கச் சுவர் தாராளமாக வளையலாம்; தரையைத் தொடும் பகுதி நெளியாது. டயரில் அச்சிட்டிருக்கும் 'ஆர்' என்ற எழுத்து இந்த ரேடியலைத்தான் குறிக்கிறது.

இரண்டாவது வழி இன்னும் நுட்பமானது. டயர் முழுவதும் நசுங்கி எழுவது நொடிக்கு எட்டு ஒன்பது தடவைதான் என்று பார்த்தோம். ஆனால் பிரேக் பிடிக்கும்போது சாலையின் நுண்மேடுகளில் ரப்பர் நொடிக்குப் பல ஆயிரம், பல லட்சம் தடவை அதிர்கிறது. மெதுவான அசைவுக்குத் தயங்காமல், வேகமான அதிர்வுக்கு மட்டும் தயங்குகிற ரப்பர் கிடைத்தால்? டயருக்குக் கறுப்பு நிறம் தரும் கரிப்பொடியின் பெரும் பகுதிக்குப் பதிலாக சிலிக்காவைச் சேர்த்தபோது அதுவே நடந்தது. நம் ஆற்று மணலில் இருக்கும் அதே சிலிக்கா, மிக நுண்ணிய பொடியாக. மிச்செலின் இத்தகைய டயரை 1992-இல் விற்பனைக்குக் கொண்டு வந்தது. ஐரோப்பாவில் 2012 முதல் ஒவ்வொரு புது டயரிலும் எரிபொருள் சிக்கனம், ஈரச் சாலைப் பிடிப்பு இரண்டுக்கும் தனித்தனி மதிப்பெண் ஒட்டி விற்க வேண்டும் என்று சட்டம் வந்தது. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைக்க முடியாது.

இதனால் எவ்வளவு மிச்சம்? உருளல் தடையை 10 சதவீதம் குறைத்தால் எரிபொருள் 1 முதல் 2 சதவீதம் மிச்சமாகும் என்று அமெரிக்காவின் போக்குவரத்து ஆராய்ச்சி வாரியம் 2006-இல் வெளியிட்ட அறிக்கை கணித்தது. என்ஜின் தன்னைத் தானே சுழற்றிக்கொள்வதற்கு எரிக்கும் பங்கு அப்படியே இருப்பதால் மிச்சம் இவ்வளவுதான். கேட்க அற்பமாக இருக்கும். ஒரு வாடகைக் கார் ஓட்டுநர் ஆண்டுக்கு 5,000 லிட்டர் போடுகிறார் என்றால் அது 50 முதல் 100 லிட்டர்.

செலவில்லாத வழி ஒன்றும் உண்டு. சைக்கிளை எடுத்துக்கொண்டு பள்ளி மைதானத்துக்குச் செல்லுங்கள். வண்டி போக்குவரத்து உள்ள சாலையில் வேண்டாம். சற்றே சரிவான இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, அங்கிருந்து மிதிக்காமல் உருண்டு செல்லுங்கள். எங்கே நிற்கிறதோ அங்கே அடையாளம் வையுங்கள். மூன்று தடவை செய்து சராசரி எடுங்கள். பிறகு டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட்டு அதே கோட்டிலிருந்து மறுபடி உருளுங்கள். வித்தியாசத்தை அடி அடியாக அளந்துவிடலாம். கார் டயரில் சதுர அங்குலத்துக்கு 32 பவுண்டு இருக்க வேண்டிய காற்று 25 ஆகிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது, என்ஜினுக்குத் தெரியும். எவ்வளவு காற்று வேண்டும் என்று ஓட்டுநர் பக்கக் கதவின் ஓரத்தில் ஒட்டியிருப்பார்கள். டயர் சூடாவதற்கு முன் அதன்படி அடிக்க வேண்டும். அதற்கு மேல் அடித்தால் தடை இன்னும் குறையும்தான். பிடியும் சேர்ந்து குறையும்.

மாமாவின் கணக்கு

மாமா 165/80 ஆர் 14 டயரைக் கழற்றிவிட்டு 195/65 ஆர் 15 மாட்டினார் என்று வையுங்கள். கணக்கிட்டால் புதுச் சக்கரத்தின் வெளி விட்டம் 634.5 மி.மீ.; பழையதைவிட 2.4 சதவீதம் அதிகம். இப்போது ஒன்றை யோசியுங்கள். காரின் மீட்டர் தூரத்தை எப்படி அறிகிறது? அது சாலையைப் பார்ப்பதில்லை. சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றியது என்று எண்ணி, தொழிற்சாலையில் சொல்லிக்கொடுத்த பழைய சுற்றளவால் பெருக்குகிறது. எனவே மீட்டர் 500 காட்டியபோது கார் உண்மையில் 512 கி.மீ. ஓடியிருந்தது. 512-ஐ 26.5-ஆல் வகுத்தால் 19.3 வருகிறது. மாமா கண்ட 18.9 தவறு. குறைந்ததாகத் தோன்றிய 1.1 கிலோமீட்டரில் 0.4 வெறும் எண்ணும் பிழை. மீதி 0.7 நிஜமான இழப்பு: மூன்று செ.மீ. கூடிய அகலம், கூடிய கனம், ஒருவேளை அந்த டயரின் ரப்பர். ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போகிறது, மெய்தான். அந்த ஒரு சுற்றைச் சுற்றுவதற்கு என்ஜின் அதிக விசை கொடுக்க வேண்டும். சைக்கிளில் பின்பக்கப் பல்சக்கரத்தைச் சிறிதாக மாற்றியதுபோல்தான். மீட்டர் காட்டும் வேகமும் குறைவாக இருக்கும்: முள் 80-இல் நிற்கும்போது கார் 82-இல் போய்க்கொண்டிருக்கும். கடைக்காரரும் பெட்ரோல் பங்க்கும் தப்பினார்கள்.

இதையே திருப்பிப் போட்டால் தேய்ந்த டயரின் கதை கிடைக்கும். புது டயரில் சுமார் 8 மி.மீ. ஆழமுள்ள பள்ளங்கள் இருக்கும். ஆறு மில்லிமீட்டர் தேய்ந்தால் 620 மி.மீ. விட்டம் 608 ஆகும். மீட்டர் 100 கி.மீ. ஓட்டத்தை 102 என்று காட்டும். நசுங்குவதற்கு ரப்பரும் குறைந்துவிட்டதால் உருளல் தடையும் மெய்யாகவே குறைந்திருக்கும். "டயர் பழசாகப் பழசாக வண்டி நன்றாக மைலேஜ் தருகிறது" என்று சிலர் மகிழ்வது இதனால்தான். பள்ளத்துக்குள் ஆங்காங்கே குறுக்கே ஒரு சிறிய ரப்பர்த் திட்டு இருக்கும், பக்கவாட்டில் டி.டபிள்யூ.ஐ. என்று எழுதி அது இருக்கும் இடத்தைக் காட்டியிருப்பார்கள். அதன் உயரம் 1.6 மி.மீ. டயரின் மேற்பரப்பு அந்தத் திட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால், மழைநீரை ஒதுக்கப் பள்ளம் மிச்சமில்லை. கார் ஈரத்தில் வழுக்கும். நம் நாட்டு மோட்டார் வாகன விதிப்படியும் அந்த டயரைக் கழற்றியாக வேண்டும். நாளை தெருவில் நிற்கும் காரில் அந்தத் திட்டைத் தேடிப் பாருங்கள். கார் ஓடாமல் நிற்கும்போது, சொந்தக்காரரைக் கேட்டுக்கொண்டு.